இடது பக்க அணைப்பு

“இழு.”

“இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இன்னும் கொஞ்சம் அழுத்தி இழு, வெல்டா.”

“கட்டைவிரலக் கழட்டி இந்தக் கண்ணாடி மேல வெச்சுட்டு வேணா இழுக்கட்டுமா, ஹார்லன்?”

துப்பாக்கிக் கடைக்காரன் தாடிக்குள் சிரித்தான். வெல்டாவின் கையில் இளஞ்சிவப்புப் பிடி போட்ட சின்னப் பிஸ்டல் இருந்தது. முதல் தோட்டா உள்ளே போக வேண்டுமானால் அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். வெல்டாவின் விரல் மூட்டுகளோ நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தே வீங்கிப்போனவை. பாட்டில் மூடியைத் திறக்கவே அவளுக்குக் கணவன் ஹார்லன் வேண்டும்.

“பொம்பளைங்க எல்லாம் இதத்தான் விரும்பி வாங்கறாங்க, மேடம்,” என்றான் கடைக்காரன்.

“அவங்களுக்கெல்லாம் மூட்டுவலி இல்ல போல. கலரப் பாத்தா பொம்மைக் கடையில வாங்கின மாதிரி இருக்கு. இழுக்கவே வேண்டாத சாமான் ஏதாவது இருக்கா?”

அவன் குட்டை ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தான். “இது பழைய மாடல். விசைய அழுத்தினா போதும். ஆனா விசை ரொம்பக் கனமா இருக்கும்.”

“இருக்கட்டும். லேசாத் தொட்டாலே வெடிக்கற எதுவும் எனக்கு வேண்டாம். கட்டிக் குடுங்க, போலாம். கால் வலிக்குது.”

டாக்டர்கள் கைவிட்டவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்வது வெல்டாவின் வேலை. குளிப்பாட்டுவாள், படுக்கை மாற்றுவாள், நகம் வெட்டிவிடுவாள். எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் மைல் கணக்கில் ஜல்லிச் சாலைதான். அவளோடு வேலை பார்க்கும் மிஸ்ஸியை அப்படியொரு சாலையில் இரண்டு பேர் வழிமறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு, முன்பல் இரண்டைத் தட்டிவிட்டுப் போனார்கள். வலி மாத்திரை இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். இருந்தது சோப்பும் பவுடரும். மாத்திரை நர்ஸ் பையில்தான் இருக்கும். அது வழிமறிப்பவனுக்குத் தெரியுமா?

அன்றிலிருந்து ஹார்லனுக்குத் தூக்கம் இல்லை. அவன் ஓயாமல் சொல்லிச் சொல்லித்தான் அவளைக் கடைக்கு அழைத்து வந்தான்.

“வேலைக்கு ஆயுதம் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு கம்பெனில கையெழுத்து வாங்கியிருக்காங்க,” என்றாள் வண்டியில்.

“மிஸ்ஸிகிட்டயும்தான் வாங்கினாங்க. பல்லு வந்துச்சா?”

“தெரிஞ்சா வேலை போயிடும்.”

“தெரியாம வெச்சுக்க. நான் எத்தனை வருஷமா வெச்சிருக்கேன், சர்ச்ல, தீவனக் கடையில. யாருக்காவது தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும் ஹார்லன். நீ உக்காரும்போதெல்லாம் பேண்ட்ட ஏத்தி விட்டுக்கற.”

ஆண்களுக்குச் சுலபம். தடித்த பெல்ட், அதில் உறை, மேலே சட்டை. வெல்டாவின் சீருடைப் பேண்டில் இருப்பது ஒரு நாடா. நாடாவில் துப்பாக்கியை மாட்டினால் இரண்டும் சேர்ந்து முழங்காலுக்கு வந்துவிடும்.

“கைப்பையில வெச்சுக்கறேனே?”

“கைப்பைய எங்க வெப்ப?”

“அவங்க சமையலறை மேஜைமேல.”

“அந்த வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா?”

“சரி, இடுப்புலதான்.”

கடைசியில் ஒரு அகல எலாஸ்டிக் பட்டை வாங்கினார்கள். வயிற்றைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், வலப்புறம் துப்பாக்கிக்கு உறை. சமையலறையில் ஹார்லன் அவளை நடக்கவிட்டான், குனியவிட்டான், மேல் அலமாரியிலிருந்து மாவு டப்பாவை எடுக்கச் சொன்னான்.

“தெரியுது.”

“எங்க?”

“குனியறப்ப. ரொட்டித் துண்டத் திருடி ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கு.”

ஒரு அளவு பெரிய சட்டை வாங்கினாள். பட்டைக்குள் வியர்த்து அரித்தது. கார் இருக்கையில் உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தியது. குத்தாமலிருக்க ஒருக்களித்து உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் அவள் எதிர்பார்க்காத தொல்லை வேறு. சாகக் கிடப்பவர்கள் கட்டிப்பிடிப்பார்கள். பேச்சு போனவர்கள்கூட, குளிப்பாட்டி முடித்ததும் கையை நீட்டுவார்கள். அந்தக் கைகளில் இரும்பு படக்கூடாதே என்று, வெல்டா இடது தோளை மட்டும் கொடுத்து அணைக்கப் பழகினாள்.

“நீ இப்பல்லாம் ஏன் நண்டு மாதிரி வர்ற?” என்று கேட்டார், அவள் வாரந்தோறும் போய்க் குளிப்பாட்டும் கிழவர் ஆர்வில்.

“என்ன நண்டு?”

“பக்கவாட்டுல வர்றியே. முன்னாடியெல்லாம் நேரா வந்து கட்டிப்பிடிப்ப. என் மேல நாத்தமா?”

“நான் குளிப்பாட்டின ஆள் நாறினா அது என் தப்பு, மிஸ்டர் ஆர்வில். தோள்பட்ட வலி, அதான்.”

“தோள்பட்ட,” என்றார் அவர், நம்பாமல்.

மூக்கில் பிராணவாயுக் குழாய். அது இருபத்துநாலு மணி நேரமும் அவர் பின்னால் வீடு முழுக்க இழுபட்டு வரும். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. கூடத்துச் சுவரில் மான் கொம்புக்குக் கீழே துப்பாக்கி மாட்டும் மரச்சட்டம் காலியாக இருந்தது. பலகையில் துப்பாக்கிகளின் நீளத்துக்கு வெளுப்புக் கோடுகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் துக்கம் அளவுக்கு மீறிப்போய்விட்டது என்று தெரிந்தால், சொந்தக்காரர் யாராவது வந்து, “துப்பாக்கியெல்லாம் சுத்தம் பண்ணித் தரேன்,” என்று எடுத்துப் போவார்கள். ஏன் என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், கொடுப்பவரும் கேட்க மாட்டார். ஆர்விலுடையதை மகள் ரொண்டா எடுத்துப்போயிருந்தாள்.

“ஒரு வருஷமா சுத்தம் பண்றா,” என்றார் ஆர்வில், சட்டத்தைப் பார்த்து. “அவ்வளவு அழுக்காவா வெச்சிருந்தேன்?”

“ரொண்டாவுக்கு வேலை ஜாஸ்தி.”

“நீயுமா வெல்டா? அவ பொய் சொல்றது சரி, மக. நீ எதுக்கு?”

அவள் அவர் காலுக்குக் காலுறை போட்டாள். அவர் அவள் உச்சந்தலையைப் பார்த்தபடி, “எனக்குப் போதும்னு ஆயிடுச்சு,” என்றார். வானிலை சொல்வதுபோலச் சொன்னார். போன வாரமும் சொன்னார். அவள் நர்ஸிடம் சொன்னாள், நர்ஸ் ரொண்டாவிடம் சொன்னாள், ரொண்டா சமையலறைக் கத்திகளையும் எடுத்துப் போனாள். அதன் பிறகு வெல்டா வரும்போது அவருடைய ரொட்டியைக் கையால்தான் பிய்த்துத் தருகிறாள்.

கிளம்பும் முன் அவருடைய குளியலறைக்குப் போனாள். அடுத்த வீடு வெகுதூரம், வழியில் கழிப்பறை கிடையாது. பட்டை கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதைக் கழற்றி, துவைக்கும் மிஷின் மேல், தான் மடித்து அடுக்கிய துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கை கழுவும்போதே சமையலறைச் சுவர் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தால் அடுத்த வீட்டுக்காரர். எப்போது வருகிறாய், அம்மா படுக்கையை நனைத்துவிட்டாள். “இதோ, இதோ,” என்று சொல்லி வைத்துவிட்டு, ஆர்விலுக்கு இடது தோளைக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.

ஜல்லிச் சாலை முடிந்து தார்ச்சாலையில் ஏறியபோது அவளுக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. முதுகு நேராக இருந்தது. விலாவில் எதுவும் குத்தவில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது உடம்பு ஒத்துழைக்கிறதே என்று நினைத்தாள்.

நினைத்த மறுகணம் வலது கை இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் சட்டை.

சாலை நடுவில் வண்டியைத் திருப்பினாள். பள்ளத்தாக்கில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. இருந்திருந்தாலும் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? ‘கடவுளே, அவர் குளியலறைக்குப் போயிருக்கக் கூடாது’ என்று மட்டும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

துவைக்கும் மிஷின் மேல் துண்டுகள் மட்டும் இருந்தன. பட்டை தரையில் கிடந்தது, உறை காலி.

ஆர்வில் சாய்வு நாற்காலியில் இல்லை. சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒட்டுத்துணிப் போர்வை, கைகள் அதற்குள்.

“எதையாவது மறந்துட்டியா?”

“ஆமா.”

“என்னத்த?”

“உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு வயசாயிடுச்சு. நீயே சொல்லு.”

“மிஸ்டர் ஆர்வில், குடுத்துடுங்க.”

“ஓ. அந்தத் தோள்பட்ட வலியா?” அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “நல்ல துப்பாக்கி. விசைதான் ரொம்பக் கனம்.”

“அழுத்திப் பாத்தீங்களா?”

“தோட்டாவ எடுத்துட்டுத்தான். நான் என்ன முட்டாளா?”

“தோட்டா எங்க?”

“அத இன்னும் முடிவு பண்ணல.”

சுவர்க் கடிகாரத்தைவிட அவருடைய பிராணவாயு மிஷின் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு ஒரு நாள் இங்கயே இருக்கட்டும்,” என்றார். “நாளைக்கு வந்து வாங்கிக்க.”

“நாளைக்கு யார்கிட்ட வாங்கிக்கறது?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இத நீ கொண்டு வந்திருக்கவே கூடாது,” என்றார். “வெளிய தெரிஞ்சா உன் வேலை போகும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான்னு நீதான சொன்ன? நீ வரல, நான் பாக்கல. யாருக்கும் தெரிய வேண்டாம். போ, கண்ணு. அந்தம்மா ஈரத்துல கிடக்கும்.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அவளைக் களைப்பாக்கியது. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால்கள் சத்தம் போட்டன.

“என்ன உக்காந்துட்ட?”

“நிக்க முடியல.”

“எனக்காகவா பயப்படற?”

“பயப்படக்கூடத் தெம்பு இல்ல, மிஸ்டர் ஆர்வில். மிஸ்ஸிக்கு ஆனதப் பாத்துப் பயந்து ஹார்லன் இத வாங்கினான். ஹார்லனுக்குப் பயந்து நான் கட்டினேன். கம்பெனிக்குப் பயந்து மறைச்சேன். எத்தனை பேருக்குத்தான் பயப்படறது?”

மேஜையைப் பிடித்து எழுந்து சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தாள்.

“யாருக்கு?”

“நர்ஸுக்கு. அப்புறம் ரொண்டாவுக்கு.”

“வேலை போகும்டீ.”

“போகும்.”

“வெல்டா, வெய்யி கீழ.”

மணி அடித்தது. இன்னொரு முறை அடித்தது. ஆர்வில் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். துப்பாக்கியை மேஜையில் வைத்து அவள் பக்கமாகத் தள்ளினார். அது மேஜை விரிப்பில் சிக்கி நடுவிலேயே நின்றது.

“இந்தா. எடுத்துக்க. இப்ப கட் பண்ணு.”

“தோட்டா?”

“சக்கரை டப்பாவுல. கட் பண்ணுன்னு சொல்றேன்ல! குடுத்துட்டேன்ல!”

மறுமுனையில் நர்ஸ் குரல் கேட்டது. வெல்டா துப்பாக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்: “நான் வேலைக்குத் துப்பாக்கி எடுத்துட்டு வந்தேன். மிஸ்டர் ஆர்வில் வீட்டுல மறந்து வெச்சுட்டேன். அவர் அத எடுத்து வெச்சிருந்தார். இப்ப என்கிட்ட இருக்கு. அவர் நல்லாதான் இருக்கார், ஆனா நல்லா இல்ல. உடனே யாராவது வாங்க. வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்.”

போனை வைத்தபோது ஆர்வில் அவளை வெறித்துக்கொண்டிருந்தார்.

“நான் உன்னக் காட்டிக் குடுத்திருக்க மாட்டேன்.”

“தெரியும்.”

“பின்ன எதுக்கு என்னக் காட்டிக் குடுத்த?”

“இத இன்னிக்கு வாங்கிட்டுப் போயிடுவேன். நாளைக்குக் காலைல நீங்க மறுபடியும் தனியா எந்திரிப்பீங்க. அத நான் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்தார். கண்ணைத் துடைத்ததையும் குழாயைச் சரிசெய்வதுபோலவே செய்தார்.

“காப்பி இருக்கா?”

“போட்டாதான் இருக்கும்.”

“போடு. எனக்குச் சக்கரை வேண்டாம். நடுவுல ஏதாவது வந்துடும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்து, இருமி, மேஜையைத் தட்டினார்.

நர்ஸ் வந்தாள். பின்னாலேயே ரொண்டாவின் வண்டியும் வந்தது. இனி ராத்திரிகளில் தானே இங்கே தங்குவதாக ரொண்டா சொன்னாள். ஆர்வில் வேண்டாம் என்றார், ஆனால் பலமாகச் சொல்லவில்லை. நர்ஸ் வெல்டாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, ஆபீஸுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். “சொல்லு, கண்ணு. அதுக்குத்தான உன்னக் கூப்பிட்டேன்,” என்றாள் வெல்டா.

கிளம்பும்போது ஆர்விலிடம் குனிந்தாள்.

“இன்னும் ஏன் அந்தப் பக்கமாவே வர்ற?”

“பழகிடுச்சு.”

“நண்டு,” என்றார் அவர், அவள் தோளில் முகத்தை வைத்தபடி.

வீட்டில் ஹார்லன் அடுப்பில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தான். “சீக்கிரம் வந்துட்ட?”

“வேலை போயிடும். நாளைக்கு வர வேண்டாம்னு ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க.”

கரண்டி நின்றது. “கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“நானே சொன்னேன்.”

“துப்பாக்கி எங்க?”

“ரொண்டாகிட்ட. சுத்தம் பண்ணக் குடுத்திருக்கேன்.”

ஹார்லன் எங்கள் பக்கத்து ஆள். அந்த வார்த்தை அவனுக்கு என்னவென்று தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவள் எதிரில் தரையில் மண்டியிட்டான்.

“வெல்டா. எதுக்கு? உனக்கா?”

“இல்லடா. நான் தூங்கி எந்திரிச்சா சரியாயிடுவேன். மிஸ்டர் ஆர்விலுக்குத்தான் தூங்கினாலும் சரியாகாது.”

“நெசமாவா?”

“நெசமா. இந்த ஷூவக் கழட்டு. என்னால குனிய முடியல.”

அவன் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். குனிந்தபோது சட்டை மேலேறி, அவன் இடுப்பில் இருந்த துப்பாக்கி தெரிந்தது. வெல்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுது,” என்றாள்.