என் போனில் மட்டும் அழிந்தது

எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் யூனிட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், லாரன்ஸ் சூப்பர்வைசர் என்றாலே முதலில் என் கிண்டலைத்தான் சொல்வார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். முதலாளிக்கும் ஒன்று உண்டு, அது அவருக்கே தெரியும். நான் ஒன்று சொல்லி நாலு பேர் சிரித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் எனக்கு. அப்படி ஒரு பைத்தியம்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன யூனிட். பீங்கான் பொம்மை செய்கிறோம். குதிரை, யானை, பிள்ளையார், உண்டியல் பூனை. முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறோம். திருமால் எங்களிடம் சம்பளத்துக்கு இல்லை. பொம்மைகளை மொத்தமாக எடுத்து எக்ஸ்எல் வண்டியில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பான். கருவேப்பிலங்குறிச்சி, நல்லூர், வேப்பூர் வரைக்கும் அவன் போகாத தெரு கிடையாது. அவன் மனைவி சந்திரலேகா எங்கள் பெயிண்ட் செக்‌ஷனில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

திருமாலுக்கு ஒரு வியாபார முறை உண்டு. காது உடைந்தது, வண்ணம் கசிந்தது என்று நாங்கள் ஒதுக்கி வைப்பதில் பத்துப் பதினைந்தைச் சும்மா வாங்கிக்கொள்வான். ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் குழந்தையைக் கூப்பிட்டு ஒரு குதிரையைக் கையில் கொடுத்துவிடுவான். குழந்தை வீட்டுக்குள் ஓடும். "யாரு குடுத்தது?" என்று அம்மா வெளியே வருவாள். அங்கே தொடங்கும் வியாபாரம். கூவ மாட்டான், மைக் செட் வைக்க மாட்டான். "புள்ளைங்க கூப்புட்டா தாய்க்காரி வராம போவாளா சூப்பர்வைசரே?" என்பான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கள் கேட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். எங்களோடு வேலை செய்யும் பெரியம்மாளின் நாலு வயது மகள் அங்கே நின்றது. அதற்கு ஒரு குதிரையைக் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லித் தந்தான். ஒரு கை குழந்தையின் மணிக்கட்டில், மறு கையில் பொம்மை, பின்னால் வண்டி. நான் போனில் படம் எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் போட்டு, கீழே எழுதினேன்: "புள்ள புடிக்கிறவன் வந்துட்டான். பொம்மையக் காட்டி வண்டியில ஏத்திடுவான். உஷாரு!"

இருபத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் எண்ணினேன். திருமாலிடம் பட்டன் போன்தான், குரூப்பில் அவன் இல்லை. சந்திரலேகா தன் போனில் காட்டியிருக்கிறாள். "உங்க வாய்க்கு ஒரு நாளைக்குப் பூட்டு போடணும்" என்று எனக்குப் போன் செய்து அவனும் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நல்லூரிலிருந்து என் தங்கை ஆக்னஸ் கூப்பிட்டாள்.

"அண்ணா, புள்ளைங்கள வெளிய வுடாத. புள்ள புடிக்கிற கும்பலு சுத்துதாம். போட்டோவே வந்திருக்குது. உனக்கும் அனுப்பியிருக்கேன், பாரு."

பார்த்தேன். என் படம்தான். நான் எழுதிய வரியும் அப்படியே இருந்தது. ஆனால் அதன் கீழே யாரோ இன்னும் எழுதிச் சேர்த்திருந்தார்கள்: வேப்பூர் பக்கம் இரண்டு குழந்தைகளைக் காணவில்லை, வடக்கே இருந்து இருபது பேர் இறங்கியிருக்கிறார்கள், இந்த ஆளைப் பார்த்தால் விடாதீர்கள், எல்லாக் குரூப்புக்கும் அனுப்புங்கள். மேலே, பலமுறை பகிரப்பட்டது என்பதற்கான இரட்டை அம்புக்குறி. ஒரு பெண்ணின் அழுகைக் குரலும் ஆடியோவாகக் கூடவே வந்திருந்தது. அது யார், எந்த ஊர், எதற்காக அழுதாள், எனக்கு இன்றுவரை தெரியாது.

"பொய்யா இருக்கும், அழிச்சிடு" என்றேன்.

"மூணு குரூப்புல வந்திருக்குதுண்ணா. மகளிர் குழுவுல, ஸ்கூலு குரூப்புல, கோயில் குரூப்புல. மூணு பேருமா பொய் சொல்லுவாங்க?"

மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை, அந்த இடம் என் சட்டைப் பாக்கெட் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் எங்கள் யூனிட் பொம்மை விற்கும் திருமால் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எங்கள் குரூப்பைத் திறந்தேன். "இவர் பொம்மை வியாபாரி திருமால். நான்தான் விளையாட்டுக்குப் போட்டேன்" என்று எழுதினேன். அனுப்பும் பட்டன் மேல் விரல் நின்றது. வதந்தி கிளப்பியவனை முதலில் பிடிப்பார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. போலீஸ், முதலாளி, பங்குச் சாமியார், எல்லார் முகமும் வந்து போனது. எழுதியதை அழித்தேன்.

பிறகு அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து டெலிட் கொடுத்தேன். போன் ஏதோ இரண்டு வரி காட்டிக் கேட்டது. விரலுக்குக் கிடைத்ததை அமுக்கினேன். படம் போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், கடவுளே, எவ்வளவு நிம்மதியான மூச்சு அது!

எங்கள் வேலையில் பொம்மை கோணலாக வந்தால் அச்சை உடைப்போம். அச்சு போனால் அந்தக் கோணல் அத்தோடு நிற்கும். இருபது வருடமாக அதைச் செய்து பழகிய கை இது. படத்தைப் போட்டவன் நான், நானே எடுத்துவிட்டால் எல்லாரிடமும் போய்விடும் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனம் எனக்கு வசதியாக இருந்தது.

எட்டு மணிக்கு யூனிட்டில் சந்திரலேகாவைப் பார்த்தேன். "அவரு ஆறரைக்கே கிளம்பிட்டாருண்ணா. இன்னிக்கு நல்லூர் தாண்டிப் போறாராம்" என்றாள். அவனுக்கு ஒரு போன் செய்யலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். என்னவென்று சொல்வது? நான் போட்ட படத்தால் உன்னை ஊரே தேடுகிறது என்றா? அதுதான் அழித்தாகிவிட்டதே என்று சூளையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்தரை மணிக்கு ஆபீஸிலிருந்து மோகனப்பிரியா ஓடி வந்தாள். பில் போடும் பெண், கருவேப்பிலங்குறிச்சிக்காரி. கையில் போன்.

"அண்ணா, சனிக்கிழமை நீங்க போட்டது எங்க ஊரு குரூப்புல சுத்துது. என்னென்னமோ எழுதியிருக்காங்க."

"அத நான் காலையிலயே அழிச்சிட்டேனேம்மா."

அவள் எங்கள் குரூப்பைத் திறந்து காட்டினாள். படம் இருந்தது. சிரிப்புப் பொம்மைகள் இருபத்திரண்டும் இருந்தன.

"நீங்க உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க. உங்க போன்ல மட்டும்தான் போயிருக்குது. எல்லாருக்கும் அழிக்கறது வேற."

"சரி, அத எப்பிடிப் பண்றது?"

"பண்ணியும் இனிமே பிரயோசனம் இல்லண்ணா. ஒருத்தரு வெளிய அனுப்பிட்டா அது தனிப் படம். அவருகிட்ட வாங்கி இன்னொருத்தரு அனுப்புனா அதுவும் தனி. நீங்க உங்களுத எடுத்தா அதுங்க எல்லாம் எதுக்குப் போவும்?"

வெளியே போன ஒவ்வொரு பொம்மையும் ஓர் அச்சாக மாறிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதை என்று உடைப்பது?

"இப்பவே மறுப்பு போடுங்க. திருமால் அண்ணன் பேரு, யூனிட்டு பேரு, உங்க பேரு, நம்பரு எல்லாம் போட்டு எழுதுங்க. அது போன வழியிலயே இதுவும் போவட்டும். நானும் அனுப்பறேன்" என்றாள்.

"என் பேரு எதுக்கும்மா?"

மோகனப்பிரியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பேரு இல்லாம வந்தா யாருண்ணா நம்புவாங்க?"

முதலில் அவனைத் திரும்பி வரச் சொல்கிறேன் என்று கேட்டுக்கு வெளியே வந்தேன். திருமாலைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார்கள். அவன் குரல் இல்லை. பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம்.

"யாருடா நீ?"

"திருமாலு இல்லீங்களா?"

"நீ யாரு? எங்கருந்து பேசுற? இவன் உன் ஆளா?"

"பேரக் கேளு, பேரக் கேளு" என்று யாரோ தள்ளி நின்று கத்தினார்கள்.

நான் கட் செய்தேன். யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பெயர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கட்டைவிரல் தானாகவே போய் அமுக்கிவிட்டது. திரும்ப அடிக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அப்போது அந்தப் போன் அணைந்திருந்தது.

உள்ளே போய் மோகனப்பிரியாவிடம், "எடுக்கல" என்றேன். அதன் பிறகு எல்லாம் செய்தேன். மறுப்பு எழுதினேன், பெயர் போட்டேன், போலீஸுக்குப் போன் செய்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தது வேப்பூருக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, எந்த ஊராகவும் அது இருந்திருக்கலாம். நான் போனபோது தண்ணீர் டேங்குக்குக் கீழே எக்ஸ்எல் வண்டி கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் பீங்கான் சில்லு. ஆம்புலன்ஸ் போய்விட்டது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

என் மறுப்பு மறுநாள் சாயங்காலம்தான் ஆக்னஸுக்குப் போய்ச் சேர்ந்தது. "அண்ணா, அது பொய்யாமே" என்று கூப்பிட்டாள். அவளை நான் திட்டவில்லை. எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போலீஸ் வந்து எங்களை விசாரித்தது. மறுப்பில் என் பெயர் இருந்ததால் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நண்பனுக்காகப் பேசியவன் என்று நினைத்து மரியாதையாகவே பேசினார்கள். கை மாறி வந்த படத்தில் முதலில் போட்டவன் பெயர் வருவதில்லை, நான் அவசரமாக எழுதிய மறுப்பிலும் அந்த ஒரு வரி விட்டுப் போயிருந்தது. படம் வெளியிலிருந்து வந்தது என்றேன். அதற்குள் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார்கள். மோகனப்பிரியாவும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

படம் போட்டது நான்தான் என்று சந்திரலேகாவுக்குத் தெரியும். படத்தைப் பார்த்து அவளும் சிரித்தவள்தான், புருஷனிடம் காட்டியவள்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அழுவாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடியவர் நீங்கள் ஒருத்தர்தான் என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருக்கும். இருந்தும் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, கோர்ட்டுலேர்ந்து அவரு போனு குடுத்துட்டாங்க. சார்ஜ் போட்டுப் பாத்தேன். கடைசியா வந்தது உங்க போனுதான். பத்து நாப்பத்தொண்ணு. பதினோரு செகண்டு ஓடியிருக்குது."

"யாரோ எடுத்தாங்கம்மா. சிக்னலு இல்ல, ஒண்ணும் கேக்கல. கட்டாயிடுச்சி."

அவள் தலையாட்டவில்லை. கையில் ஒட்டியிருந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"அங்க நின்ன ஒரு அம்மா சாட்சி சொல்லியிருக்காங்க. வக்கீல் படிச்சிக் காட்டுனாரு. அதுவரைக்கும் அவரு மேல யாரும் கை வைக்கலியாம். டேங்குக்குக் கீழ உக்கார வச்சி விசாரிச்சிக்கிட்டுதான் இருந்தாங்களாம். வுட்டுடலாம்னுகூட ரெண்டு பேரு சொன்னாங்களாம். அப்பதான் போனு அடிச்சிருக்குது. அவரு உங்க பேரப் பாத்துட்டு, எங்க சூப்பர்வைசருதான், அவரக் கேளுங்க, அவரு சொல்லுவாருன்னு, அவரே எடுத்து அவங்க கையில குடுத்தாராம்."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"கட்டானதும், பாத்தியா, கூட்டாளி பயந்து வச்சிட்டான்னு ஒருத்தன் கத்துனானாம். அதுக்கப்புறந்தான் அடிச்சிருக்காங்க."

யூனிட்டில் சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். சந்திரலேகா எழவில்லை. முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சிக்னலுதான் இல்லியா அண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.