அறைக்கே ஒரு விரல்

புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூள எத்தனையோ காரணம் உண்டு. அந்த வீட்டில் அன்று காலை மூண்டதற்குக் காரணம் எட்டுப் புள்ளிகள். மடிக்கணினித் திரையில் அவை ஒன்றின்மேல் ஒன்றாக, வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, ஒரே நேர்கோட்டில் நின்றன.

"உங்க பெட்டி கெட்டுப்போச்சு," என்றாள் மனைவி.

"என் பெட்டியா? நல்லா இருக்கு. உன் ஆளுங்க என்ன பண்றாங்கன்னு போய்க் கேளு."

"எட்டுப் பேரும் ஒரே நிமிஷத்துல, தினமும், மாசக்கணக்கா எப்படிங்க அழுத்துவாங்க? மூச்சு விடுறதுல கூட அவ்வளவு ஒத்துமை இருக்காது."

அவர் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் சொல்லித் தருபவர். அவள் அங்கேயே சமூகப் பணித் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்பவள். ஊரை விட்டு வந்து தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள்தான் அவள் ஆய்வு. போன் பண்ணினால் அழுகை, பண்ணாவிட்டால் பயம் என்று அந்தப் பெண்களும் அவர்கள் வீடுகளும் படும் பாட்டை ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொல்லப்போக, அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் காகிதத்தில் கிறுக்க ஆரம்பித்துவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஒன்று அந்தப் பெண்ணிடம், ஜோடிப் பெட்டி அவள் வீட்டில். இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே ஒரு குட்டி விளக்கு எரியும். விரலை எடுக்கும்வரை எரியும். பேச்சு கிடையாது. 'நான் நல்லா இருக்கேன்' என்பது மட்டுந்தான் அதற்கு அர்த்தம்.

அந்தச் சின்ன வெளிச்சம் வீட்டுக் கவலையைக் குறைக்கிறதா, ஒவ்வொருத்தியும் எந்த நேரத்தில் வீட்டை நினைக்கிறாள் என்பதுதான் ஆய்வு. அழுத்திய நேரம் ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக விழும். ஒரு விடுதி அறையின் எட்டுப் பெண்களும் சம்மதித்து வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில், சர்க்யூட் போர்டுகளில் பாகங்கள் பொருத்துகிறவர்கள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. அவளுடைய பேராசிரியை ஏற்கெனவே கறாராகச் சொல்லிவிட்டார். தரவு ஒழுங்காக இல்லையென்றால் திட்டம் அத்தோடு முடிந்தது, பெட்டிகளைத் திரும்ப வாங்கி ஆய்வகத்தில் வைத்துவிட வேண்டும். மூன்று வருட உழைப்பு அந்த எட்டுப் புள்ளிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் விடுதிக்குப் போனாள். அங்கே அவளுக்கு டீச்சர் என்று பெயர். அவள் யாருக்கும் எதுவும் கற்றுத்தந்ததில்லை, ஆனாலும் கையில் பேனாவோடு கேள்வி கேட்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அறையில் நான்கு இரட்டைக் கட்டில்கள். குறுக்கே கட்டிய கயிற்றில் ஒரே நிறச் சீருடைகள் காய்ந்தன. அவரவர் படுக்கையில் இருக்கவேண்டிய பெட்டிகள் எட்டும் ஜன்னல் திண்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டீச்சர் அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் லைன் லீடர் உள்ளே வந்தாள். தொழிற்சாலை வரிசைக்கும் அவள்தான் தலைவி, அறைக்கும் அவள்தான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். டக், டக், டக் என்று எட்டுப் பொத்தான்களையும் வரிசையாக அழுத்தினாள். பிறகு திரும்பி, "வாங்க டீச்சர், டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

"இப்ப என்ன பண்ணினீங்க?"

"எல்லார் வீட்டுக்கும் சொல்லிட்டேன்."

"அவங்கவங்க பெட்டியை அவங்கவங்கதானே அழுத்தணும்?"

"அவளுகளுக்கு ஓவர்டைம் டீச்சர். வர்ற வரைக்கும் வீட்டுல வாசலையே பாத்துட்டு இருக்கறதா? யார் முதல்ல வர்றாங்களோ அவங்க எல்லாருக்கும் அழுத்திடுவோம்." அவள் குரலில் குற்ற உணர்வு ஒரு துளிகூட இல்லை. "எங்க லைன்ல அப்படித்தான். ஒருத்தி தண்ணி குடிக்க எந்திரிச்சா பக்கத்துல இருக்கறவ அவ போர்டையும் சேத்துப் பாத்துக்கணும். போர்டு ஓடுற பெல்ட் நிக்கக் கூடாது. எங்களுக்கு அது ரத்தத்துல ஊறிப்போச்சு. நீங்களும் இப்படிச் செய்யாதீங்கன்னு சொல்லவே இல்லையே?"

சொல்லவில்லைதான். எப்படி அழுத்த வேண்டும் என்று படம் வரைந்து விளக்கியவள், யார் அழுத்த வேண்டும் என்று சொல்ல மறந்திருந்தாள். அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

டீச்சருக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. பெட்டி கெடவில்லை. ஒரு அறையே ஒரே ஆளாக வீட்டுக்குச் சேதி சொல்கிறது. இதைவிடப் பெரிய விஷயம் வேறென்ன கிடைக்கப்போகிறது? "இதை நான் எழுதணும்," என்றாள் ஆசையோடு.

அதற்குள் ஓவர்டைம் முடிந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். அதில் சிரிப்பு என்று பட்டப்பெயர் வாங்கியவள், பேரைப் போலவே எதற்கும் சிரிக்கிறவள், அன்று சிரிக்கவில்லை.

"எழுதாதீங்க டீச்சர்."

"ஏன்மா?"

"எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆச்சுல்ல, ஆஸ்பத்திரியில கிடந்தேன்ல? அப்பல்லாம் லீடர் அக்காதான் என் பெட்டியை அழுத்துச்சு. அம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்க அடுத்த மாசம் வீட்டுக்காரங்ககிட்டயும் கேள்வி கேக்கப் போறீங்க. வேற ஒருத்தர் அழுத்தினதுன்னு தெரிஞ்சா, எப்ப, ஏன்னு எங்கம்மா குடைஞ்சு எடுத்துடும். அப்புறம் வந்து என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிடும்."

"கூட்டிட்டுப் போனா நிம்மதியாத் தூங்கலாம். உன் குறட்டை மிச்சம்," என்றாள் மேல்கட்டில்காரி. யாரும் சிரிக்கவில்லை. அவளே தலையணையைக் கட்டிக்கொண்டு அடங்கிப்போனாள்.

டீச்சர் பேனாவை மூடினாள். "நீ வேணாம்னா எழுத மாட்டேன்," என்றாள். சொல்லும்போதே வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு பழைய பெட்டியைத் திறந்து வைத்து ஒயர்களைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"அப்ப வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போற?"

"தெரியலைங்க."

அவர் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்து ஒரு ஒயரில் வைத்தார். பிறகு தலை நிமிராமலே, "பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு," என்றார்.

"என்னது?"

"காலையிலதான் அப்படிச் சொன்ன. அதையே அங்கயும் சொல்லு. இன்ஜினீயர் சொதப்பிட்டான், வேற பெட்டி செஞ்சு தர்றான், இன்னும் ஒரு வருஷம் வேணும்னு கேளு. என் பேரு கொஞ்சம் நாறும். பரவாயில்ல, சோப்புப் போட்டுக் குளிச்சுக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. தன் கைவேலையில் ஒரு குறை சொன்னால் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன். ஊர் முன்னால் அந்தப் பழியைச் சும்மா எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

"புருஷனை மாட்டிவிட்டு எனக்கு டாக்டர் பட்டம் வேண்டாம். பயன்படுத்துற மாதிரி தரவு இல்லைன்னு மட்டும் சொல்றேன். போனாப் போகட்டும்."

"சாயாதே, கையில சூட்டுக்கோல் இருக்கு," என்றார் அவர். ஆனால் நகரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. சிரிப்புதான். "இன்னைக்கு லீவு போட்டிருக்கேன். கொஞ்சம் வர முடியுமா டீச்சர்? அம்மாகிட்ட நானே சொல்லப் போறேன். திட்டினா நீங்க வாங்கிப் பேசணும்."

"நான் எழுத மாட்டேன்னு சொன்னேனே. எனக்காக எதுவும் செய்யாதேம்மா."

"உங்களுக்காக இல்ல. விளக்கை வெச்சே அம்மாவை ஏமாத்திட்டேனேன்னு மனசு அடிச்சுக்குது. ஜன்னல் பக்கம் திரும்பவே பிடிக்கல."

டீச்சர் போனபோது லைன் லீடரும் இருந்தாள். அவளும் லீவு. பெல்ட் நின்றாலும் சரி என்று முதல் தடவையாக முடிவு செய்திருக்கிறாள் போல. சிரிப்பு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். ஒரே மூச்சில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பெட்டி, அக்கா என்று எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "தையல் பிரிச்சாச்சா?" என்றது அம்மாவின் குரல்.

"அது எப்பவோ பிரிச்சாச்சும்மா. நல்லா இருக்கேன்."

"எருமை. என்னமோ ஆகியிருக்குன்னு அப்பவே நினைச்சேன்."

"எப்படிம்மா?"

"நீ அழுத்துனா விளக்கு நின்னு எரியும். விரலை எடுக்க மனசே வராது உனக்கு. நடுவுல கொஞ்ச நாளு தொடர்ந்து டக்குன்னு எரிஞ்சு டக்குன்னு அணைஞ்சுச்சு. இது என் புள்ள விரல் இல்லையேன்னு இருந்துச்சு."

"அப்ப ஏன் போன் பண்ணிக் கேக்கல?"

"கேட்டா அழுவ. தினம் தவறாம எரிஞ்சுச்சு இல்ல? யாரோ ஒருத்தி உன் பக்கத்துல இருக்கா, உனக்காக நினைச்சுப் பாத்து அழுத்துறான்னு தைரியமா இருந்தேன். நீ தனியா இல்லைன்னு தெரிஞ்சா போதாதா எனக்கு? அந்த டக்குப் பொண்ணு அங்க இருக்காளா? அவகிட்டக் குடு."

லைன் லீடர் மேலதிகாரியிடம் பேசுவது போல எழுந்து நின்று போனை வாங்கினாள். "சொல்லுங்கம்மா," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எழுதிக்கோங்க டீச்சர்," என்றாள். அவள் பங்குக்குச் சரி. மற்ற ஆறு பேரையும் டீச்சர் அன்று சாயங்காலம் உட்காரவைத்து, எழுதலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லோரும் சரி என்றார்கள். மேல்கட்டில்காரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். குறட்டை விஷயம் ஆய்வில் வரக்கூடாது, அது சிரிப்பின் குறட்டையாகவே இருந்தாலும்.

மாடிப்படியில் இறங்கும்போதே கணவருக்குப் போன் போட்டாள். "என்னங்க, விரலை வைக்கிற நேரத்தைத்தானே நான் எடுத்தேன். எடுக்கிற நேரமும் பெட்டியில பதிவாகுதா?"

"ஆகுதே. ஆரம்பத்துலேருந்தே இருக்கு."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வீட்டில் இருவரும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விரலை வைத்ததிலிருந்து எடுப்பது வரையான நேரத்தைப் போட்டுப் பார்த்தால், எட்டுப் புள்ளிகளும் எட்டுக் கோடுகளாக நீண்டன. லைன் லீடரின் கோடுகள் எல்லாம் வெட்டிவைத்த மாதிரி ஒரே நீளம். ஓவர்டைம் இல்லாத நாட்களில் எல்லோரும் ஒன்றாக வந்து அவரவர் தாங்களே அழுத்தியது வேறு வேறு நீளத்தில் தெரிந்தது. யாருக்காக யார் எந்த நாளில் அழுத்தினார்கள் என்று அந்த அறையின் வாழ்க்கையே திரையில் படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் அவள் எதையும் மறைக்கவில்லை. யார் அழுத்த வேண்டும் என்று சொல்ல மறந்ததைத்தான் முதலில் சொன்னாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒருத்தி எப்ப வீட்டை நினைக்கிறாள்னு பார்க்கப் போனே. அது கிடைக்கலை."

"கிடைக்கலை மேடம்."

"கூட இருக்கறவங்க எப்படி அவ வீட்டையும் சேர்த்து நினைக்கிறாங்கன்னு கிடைச்சிருக்கு. இதுக்கு உன் பழைய தலைப்பு ஒத்துவராது. தலைப்பை மாத்து. ஒரு வருஷம் எடுத்துக்கோ." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தப் பெட்டி ஒண்ணு கிடைக்குமா? என் பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. போனை எடுக்கவே மாட்டேங்கிறா," என்றார்.

சேதி சொல்ல அன்றே விடுதிக்குப் போனாள். பெட்டிகள் இங்கேயே இருக்கும் என்றதும் அறையில் ஒரே கூச்சல்.

"அப்ப இனிமே அவங்கவங்கதான் அழுத்தணுமா டீச்சர்?" என்று லைன் லீடர் கேட்டாள்.

"வேண்டாம். எப்பவும் போலச் செய்யுங்க."

லைன் லீடர் தலையாட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். சிரிப்புக்கு அன்று ஓவர்டைம். எல்லாப் பொத்தானையும் டக் டக்கென்று அழுத்தியவள், சிரிப்பின் பெட்டியில் மட்டும் விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

"என்ன பண்றீங்க? சீக்கிரம் எடுங்க, கோடு நீண்டா எனக்கு யார் விரல்னே தெரியாமப் போயிடும்!" என்று பதறினாள் டீச்சர்.

"போங்க டீச்சர்," என்றாள் அவள், விரலை அழுத்தியபடியே. "டக்குன்னு எடுத்தா அந்த அம்மா திட்டும்."