மெஷினுக்குள் பதினோரு பேர்

"கை படாமக் குப்பை பிரிக்கிற மெஷின்னு போர்டு வெச்சிருக்கீங்களே, அப்ப இது யாரு கை சார்?"

செஞ்சிக் கோட்டைச் சுவர் விடியாமல் இன்னும் கறுப்பாகவே இருந்த நேரம். நாகம்மாள் வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். சுற்றியிருந்த துணி நனைந்து சிவந்திருந்தது. முந்தின நாள் கிரிக்கெட் ஆட்டத்தின் குப்பை மூட்டையில், பிரியாணி எலும்புக்கும் டீக் கப்புக்கும் நடுவே கிடந்த உடைந்த பாட்டில் செய்த வேலை.

"கத்தாத. ஆஸ்பத்திரில, வீட்டு அருவாமனைல பட்டுச்சுன்னு சொல்லு" என்றார் சிவசங்கர்.

"சொன்னா?"

"வேலை இருக்கும்."

சிவசங்கர் முன்பு கடலை மண்டி வைத்திருந்தவர். பூமியைக் காப்பாற்றுவதில் கடலையைவிட லாபம் என்று கண்டுகொண்டு, சிங்கவரம் சாலையில் 'பசுமை கிரிக்கெட் மைதானம்' கட்டினார். கூரையில் சோலார், புல்லுக்கு மறுசுழற்சித் தண்ணீர், குப்பைக்கு இயந்திரம். அந்தப் பசுமைக்காகவே விளம்பரக் கம்பெனிகள் வரிசையில் நின்றன. இயந்திரம் மட்டும் மூன்றாம் மாதமே ஓர் அணிக்கொடியை விழுங்கி மூச்சடைத்துப் போனது. சும்மா சுற்றும், எதையும் பிரிக்காது. அதன்பின் இயந்திரம் என்றால் பதினோரு பெண்கள், உறையில்லாத கைகளோடு.

பசுமைச் சான்றிதழ்க்காரர்கள் சோதிக்க வரும் நாளில் மேஸ்திரி குரு இந்தப் பெண்களை மோட்டார் கொட்டகையில் தள்ளிப் பூட்டுவான். வெளியே காலி இயந்திரம் கடகடக்கும்; உள்ளே இருமலை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். வேலை செய்யவில்லையென்று அரைநாள் கூலியும் போகும்.

அன்றும் அப்படியொரு நாள். குரு சாவியோடு வந்தான். "வாங்கம்மா, கார் செஞ்சி தாண்டிடுச்சாம்."

நாகம்மாள் அசையவில்லை. கையை மறைத்தால் வேலை மிஞ்சும். நாளை விரல் மடங்காவிட்டால் பொறுப்பேற்க ஆளிருக்காது.

குழாயடிச் சண்டையில் ஒரு வருஷமாய் அவளோடு பேசாத மீனம்பாள் எழுந்தாள். முந்தானையைக் கிழித்து அந்தக் கையில் இறுக்கிக் கட்டினாள். ஒரு மூட்டையை இழுத்து வந்து, இயந்திரத்தின் முன்னால் கொட்டி உட்கார்ந்தாள்.

"பூட்டறதுன்னா இங்கியே பூட்டு."

கூட்டத்தில் இளையவளான கவிதா உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும்.

"ஒருத்தியும் நாளைக்கு உள்ள வர முடியாது!" என்று கத்தினார் சிவசங்கர்.

"நாளைக்கு மேட்சு இருக்குதே சார். நீயே பொறுக்குவியா?" என்றாள் மீனம்பாள்.

யாரோ சிரித்துவிட்டார்கள். கார் உள்ளே நுழைந்தது. இறங்கியவர் குப்பையையும் பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். "இவங்கல்லாம் யாரு?"

நாகம்மாள் கட்டுப்போட்ட கையை உயர்த்தினாள். "நாங்கதான் சார் அந்த மெஷினு."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவர்களுக்குக் கேட் திறக்கவில்லை. பதினோரு பேரும் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள்; இன்னும் எழவில்லை. நாகம்மாளுக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் 'மைதானத்தில் வேலையின்போது' என்றே இருக்கிறது. அவர்கள் கொடுத்த மனு தொழிலாளர் அலுவலகத்தில் தூங்குகிறது.

குரு ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். கவிதா ஆவணியில் கல்யாணமாகி அவலூர்பேட்டைக்குப் போனாள். ஒரு தலை குறைந்ததென்று சிவசங்கர் லட்டு வாங்கியதாகக் கேள்வி. நாலாம் நாள் விடிகாலைப் பஸ்ஸில், மஞ்சள் மாறாத தாலிக்கயிற்றோடு கேட்டின் முன் வந்து இறங்கினாள். மாமியார் முகம்கொடுத்துப் பேசுவதில்லையாம். ஆனால் தினமும் அவர் கட்டிக் கொடுத்து இவள் கொண்டுவரும் தூக்கில் நாலு பேருக்குக் காணும்படி சோறு இருக்கிறது.