பல் டாக்டரின் சண்டைக் கடிதங்கள்

மகள் உறையைக் கிழித்து நீட்டியதும், படுக்கையில் கிடந்த அப்பா வழக்கம்போலத் தாளின் அடியைத்தான் முதலில் பார்த்தார்.

"கையெழுத்து எங்க?"

'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று தட்டச்சில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

பல் டாக்டரான அப்பாவுக்குப் பெரிய எழுத்தாளர்களின் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பதில் தீராத பைத்தியம். பாராட்டி எழுதினால் பதில் வராது, குறை சொல்லிச் சண்டைக்கு இழுத்தால் பக்கம் பக்கமாக வரும் என்பது அவர் கண்டுபிடித்த வழி. பேர்போன அத்தனை பேரும் அவரைத் திட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இந்த நாவலாசிரியை மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவருடைய நாவலில் பல்லெல்லாம் போன கிழவர் அடுத்த அத்தியாயத்தில் எப்படி ஆப்பிளைக் கடித்தார் என்று அப்பா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றோ நாளையோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகும், அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

நீயே ஒரு கிறுக்கல் போட்டுவிடு, அவருக்கென்ன தெரியவா போகிறது என்று அம்மா கிசுகிசுத்தாள். மகளுக்கு மனசு வரவில்லை. கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, உறையில் இருந்த முகவரிக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

நாவலாசிரியை கதவைப் பாதிதான் திறந்தார். அப்பாவின் நிலைமையைக் கேட்டு வருத்தப்பட்டார், ஆனால் கடிதங்களில் கையெழுத்திடும் வழக்கமில்லை என்றார். கதவு மூடப்போன நேரத்தில் மகளுக்கு அப்பாவின் வாய் வந்துவிட்டது.

"பல்லே இல்லாத ஆளு ஆப்பிள் கடிச்ச கதை. கையெழுத்துப் போட வெக்கமாத்தான் இருக்கும்."

அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, கதவிலேயே வைத்துப் பின்பக்கம் முழுக்க எழுதித் தள்ளினார் அந்த அம்மாள்.

அப்பா மறுபடியும் அடியைத்தான் பார்த்தார். அழுத்திய அழுத்தில் கையெழுத்து தாளையே ஓட்டை போட்டிருந்தது. அந்த ஓட்டையை விரலால் தடவித் தடவிச் சிரித்தார். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு படிக்கச் சொன்னார். ஈறு கெட்டிப்பட்டால் ஆப்பிளைக் கடிக்கலாம், சந்தேகமிருந்தால் கடித்துப் பாருங்கள் டாக்டரே என்று முடிந்திருந்தது கடிதம்.

"ஒரு ஆப்பிள் கொண்டா," என்றார் அப்பா. பல்செட்டைக் கழற்றி நாளாகியிருந்தது.

அம்மா தட்டில் வைத்துக் கொண்டுவந்ததை இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கடித்தார். அது வழுக்கிக்கொண்டே போனது. அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல."

அதன்பிறகு பேசவில்லை. சாயங்காலம் மூச்சு அடங்கியது.

துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காருவதற்காக யாரோ கட்டிலோரத்து மேஜையை ஒழித்தார்கள். மருந்துகள் போயின, தண்ணீர் ஜக்கு போனது. தட்டை மட்டும் அம்மா எடுக்க விடவில்லை. அதில் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது ஆப்பிள்.