தட்டிப் பார்த்தவர் கட்டிய பிராது

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நடந்ததல்ல, என் நண்பர் ஒருவருக்கு நடந்தது. பெயர் தர்மராஜ் என்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவருக்கு வேலை. எனக்கும் அதே கம்பெனி, அதே பிரிவு, அதே நாற்காலி என்று (இந்த வாக்கியம் வேண்டாம்).

எழுதிய தாள்களை அரிசி டின் மேல் வைத்திருந்தேன். என் மனைவி தனக்கோடி எடுத்துப் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறாள். அழிக்க மனம் வரவில்லை. அடிக்குறிப்பாகவே விட்டிருக்கிறேன்.

2

தொடக்கம் அ: "1966ஆம் வருடக் கோடையில், விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் வந்து நின்றபோது—"

(ரயிலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜங்ஷன் ஊர்க்காரன் என்பதால் கை தானாக எழுதிவிட்டது.)

தொடக்கம் ஆ: "கணீர்."

இது தேவலை. தர்மராஜின் வேலையே அந்தச் சத்தத்தைக் கேட்பதுதான். கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கான்கள் சூளையிலிருந்து வந்ததும், ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியால் தட்டுவார். கணீர் என்றால் போகலாம். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், உடைத்துப் போட வேண்டியதுதான். பன்னிரண்டு வருடம் அவர் காது பொய் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் பொய் சொன்னது. அவர் தட்டி அனுப்பிய பீங்கான் ஒன்று வேப்பூர் பக்கம் கம்பத்திலேயே வெடித்தது. ஒரு கிராமம் மூன்று நாள் இருட்டில் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபோர்மேன் கலியமூர்த்தி, "வுடுப்பா, சூளைன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தர்மராஜால்தான் விட முடியவில்லை.

3

அன்றிலிருந்து எதையும் ஒரு தட்டோடு நம்ப முடியவில்லை. குடம், சொம்பு, கதவு, பஸ் கம்பி, எல்லாவற்றுக்கும் மூன்று தட்டு. டீக்கடையில் கிளாஸைத் தட்டித் தட்டியே டீ ஆறிவிடும். ஒருநாள் கலியமூர்த்தியின் வழுக்கைத் தலை எதிரே குனிந்திருந்தது. விரல் முட்டி தானாகப் போய்த் தட்டிவிட்டது.

"என்னா சத்தம் வருது?" என்றார் அவர், நிமிராமலே.

"நல்லா இருக்குதுங்க."

"அப்ப லாரியில ஏத்தி அனுப்பிடு."

கம்பெனியே சிரித்தது. தர்மராஜும் சிரித்தார். வீட்டில் அவர் செய்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. பிறந்து இருபது நாளே ஆன பெண் குழந்தையின் நெற்றியில், விரல் முட்டியால், பூப்போல மூன்று தட்டு. காதை வைத்துக் கேட்டார். மறுபடி மூன்று. அடுப்படியிலிருந்து வந்த மனைவி கண்ணம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கு விரலு. நாளைக்குச் சுத்தியலா?" என்று கேட்டாள். துணிகளை மூட்டை கட்டினாள். "உங்க கை அடங்கட்டும். அடங்குனதும் வந்து கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு தாய்வீட்டுக்குத் திட்டக்குடி பஸ் ஏறிவிட்டாள்.

அடிக்குறிப்பு (பென்சில்): அன்னிக்கு பஸ்ஸுல நான் அழுதத எழுதல. கண்ணம்மா அழுதத, கண்ணம்மா.

4

குழந்தையும் மனைவியும் வீடு திரும்ப வேண்டும். அதற்குக் கை அடங்க வேண்டும். நம் ஊரில் பல்லுக்கு டாக்டர் உண்டு, மாட்டுக்கு உண்டு, மனசுக்கு யாரும் கிடையாது. மெட்ராஸ் போகலாம் என்றால், எந்த ஆஸ்பத்திரிக்கு என்று தெருவே கேட்கும்.

அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அந்த விளம்பரம். மெட்ராஸ் டாக்டர் அனந்தராமன், மனக் கோளாறுகளுக்குத் தபால் மூலம் சிகிச்சை. நேரில் வர வேண்டாம். உறையின் மேல் டாக்டர் என்ற சொல்லே இருக்காது. பயத்துக்கு ஒரு படிவம், தூக்கம் வராதவர்களுக்கு ஒரு படிவம், தம்பதிகளுக்கு ஒன்று, "இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்காமல் நிரப்பவும்."

தர்மராஜ் உட்கார்ந்து எழுதினார். "ஐயா, என் நண்பர் ஒருவருக்கு லேசாகத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. எனக்கொன்றுமில்லை. பொது அறிவுக்காகக் கேட்கிறேன்."

டாக்டரை மட்டும் நம்பிவிட முடியுமா? மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சாமி பக்கத்திலேயே இருக்கிறார். அவரிடம் வாயால் வேண்டினால் போதாது. குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதி, கோயிலில் இருக்கும் முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். வழக்கு முடிந்ததும் போய் ராஜினாமா எழுதிக்கொடுத்து, பிராதைத் திரும்பப் பெற வேண்டும். சாமிக்கு எழுதும்போது நண்பர் என்றெல்லாம் கதை விட முடியுமா?

"எதிரி: என் வலது கை. இருபது நாள் குழந்தையைத் தட்டிவிட்டேன். உள்ளே விரிசல் இருந்து, நான் கேட்காமல் விட்டுவிடுவேனோ என்று உயிர் போகிறது. என் பெண்டும் பிள்ளையும் வீடு வர வேண்டும். விசாரித்து நியாயம் வழங்கவும்."

இரண்டு காகிதத்தையும் நாலாக மடித்தார். ஒன்றை உறையில் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தார். மற்றதோடு சைக்கிளில் மணவாளநல்லூர் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

ஊரையே மூன்று முறை தட்டிப் பார்த்த மனுஷன், அந்த இரண்டு காகிதத்தை மட்டும் ஒரு முறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

5

பத்தாம் நாள் பதில் வந்தது.

"அன்புடையீர், தாங்கள் வேறொருவருக்கு எழுதிய பிராது என் முகவரிக்கு வந்துள்ளது. அதை அவருக்கு மேலனுப்ப என்னிடம் வசதி இல்லை. ஆட்சேபணை இல்லையென்றால் கீழ்க்கோர்ட்டாக நானே விசாரிக்கிறேன். எதிரியைத் தண்டிக்க வேண்டாம், உழைத்துச் சாப்பிடும் கை. முதல் வாரம், எதை வேண்டுமானாலும் தட்டுங்கள். ஆனால் ஒரே ஒரு தட்டு."

தர்மராஜுக்கு மானம் போயிற்று. கூடவே, ஒரு மனுஷனுக்கு விஷயம் தெரிந்துவிட்டதே என்று நெஞ்சில் பாதிப் பாரமும் போயிற்று. மூன்றாம் வாரத்து உத்தரவு: ஒரு டம்ளரைத் தட்டாமல் காபி குடித்துவிட்டு எழுதவும். "குடித்தேன். சட்டை நனைய வியர்த்தது. டம்ளர் அப்படியே இருக்கிறது" என்று எழுதிப் போட்டார்.

தம்பதிப் படிவம் ஒன்று திட்டக்குடிக்கும் போனது.

அடிக்குறிப்பு (பென்சில்): அவரு தட்டும்போது உங்களுக்கு என்ன தோணுதுன்னு அந்த டாக்டரு கேட்டிருந்தாரு. அதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்கிட்ட அதக் கேட்டதில்ல. நாலு பக்கம் எழுதினேன். என்னா எழுதினேன்னு சொல்ல மாட்டேன். எட்டிப் பாக்காதீங்க.

6

முடிவு அ: ஐந்தாம் மாதம் தர்மராஜ் திட்டக்குடி போய்க் கூப்பிட்டார். கண்ணம்மாள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை சும்மா இருந்தது. மூவரும் பஸ் ஏறினார்கள். சுபம்.

முடிவு ஆ: டாக்டரே ஒருநாள் புறப்பட்டு வந்து வேலில்—

இந்த இடத்தில் தனக்கோடி தாளைப் பிடுங்கிவிட்டாள்.

"வூட்டுக்கு வந்தது சரி. ராஜினாமா எங்க?"

"எந்த ராஜினாமா?"

"எட்டு வருசம் ஆவுது. அந்தக் காகிதம் இன்னும் கட்டுனபடியே கெடக்குது. 'என் நண்பர் ஒருவருக்கு'ன்னு. சாமி இன்னும் அந்த நண்பரத் தேடிக்கினு இருக்குது, பாவம்!"

சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவளிடம் சொன்னேன். ராஜினாமா கொடுத்தால், எல்லாம் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்ட மறுநாள் கை மறுபடி ஆரம்பித்தால்? எனக்குப் பயமாக இருக்கிறது, தனம். இந்தக் கதையையே பதினான்கு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு வரியையும் தட்டித் தட்டித்தான் விடுகிறேன்.

"உங்க மவ பரீட்சைக்குப் போறப்ப என்னா பண்ணுது?" என்றாள்.

பையை மாட்டிக்கொண்டு வந்து நெற்றியைக் காட்டுவாள். "தட்டிப் பாருப்பா." ஒரு தட்டுத் தட்டி, "கணீர்னு இருக்குது" என்பேன். ஓடிவிடுவாள். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டாவது தட்டு தட்டினீங்களா, என்னிக்காவது?"

இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. தனக்கோடி எட்டு வருடமாகக் கவனித்திருக்கிறாள்.

7

"மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சன்னிதானத்துக்கு. 1966இல் என் நண்பர் (பென்சிலால் அடிக்கப்பட்டு, மேலே 'நான்' என்று அவள் கையெழுத்தில்) கட்டிய பிராது விஷயமாக. பெண்டும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தார்கள். எதிரியோடு சமாதானமாகப் போகிறேன். ஆகவே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

தனக்கோடி வேறு புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "கெளம்பலாமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். பேனா என் கையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டேனா இல்லையா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உதவி. இவ்வளவு தூரம் படித்த நீங்கள், இந்தத் தாளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுதான். என்ன சத்தம் வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.