ஊறவைத்த கரி

சேக்காட்டில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. அதன் பின்புறம் ஹேமநாதன் ஓர் இரும்பு டிரம் வைத்திருந்தார். வீடு வீடாகக் கொட்டாங்குச்சி வாங்கி, காற்று அதிகம் புகாமல் சுட்டுக் கரியாக்குவார். பெயர் பயோசார். மண்ணில் கலந்தால் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதிலுள்ள கார்பன் புகையாகப் போகாமல் நூற்றுக்கணக்கான வருடம் மண்ணிலேயே கிடக்கும்.

முதல் மூட்டைக்கே, புகைகிறது என்று புகார் வந்தது. டிரம் இருக்கலாமா, கூடாதா என்று ஞாயிறு காலை கூட்டத்தில் முடிவு செய்வதாகச் செயலாளர் சாவித்திரி அறிவித்தார். ஹேமநாதன் ஐ.டி. வேலையில் பதினான்கு வருடமாக இருப்பவர். கையால் தொட்டுப் பார்க்கும்படி அவர் செய்த முதல் பொருள் இந்தக் கரிதான்.

வெறும் கரியைப் போட்டால் மண்ணின் சத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து இரண்டு கேன் கோமியம் வாங்கிவந்து பத்து நாள் ஊறவைத்தார். வெள்ளிக்கிழமை வாசல் சுவரோரம் சாக்கில் காயப்போட்டுவிட்டு ஆபீஸ் போனார். மாலையில் சாக்கு மட்டும் இருந்தது. மடித்து வைத்திருந்தது.

டிரம்மின் எதிரிகள் வேலை என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இஸ்திரி போட்ட உடையில் கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். வெயில் ஏறியது. வேர்த்தது. ஜானகிராமன் நாற்காலியை வரலட்சுமியிடமிருந்து தள்ளிப் போட்டார். வரலட்சுமி அதற்கு முன்பே தள்ளிப் போயிருந்தார்.

"யார் வீட்ல கிரகப்பிரவேசம்?" என்றார் சாவித்திரி.

"எனக்கு அழைப்பு வரல" என்றார் ஞானசேகரன்.

ஹேமநாதன் தன் காலரை முகர்ந்தார். பத்து நாள் பழகிய வாசனை. வாய் திறந்தால் டிரம் போய்விடும்.

அப்போது வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் தங்கவேல் துணி மூட்டையோடு உள்ளே வந்தார்.

"சார், இங்க தான் கீறீங்களா. கரி நல்லா நின்னு எரியுது சார். ஆனா ஒரே நாத்தம், இன்னாத்துல ஊற வெச்சீங்க?"

இருபத்துமூன்று தலைகள் திரும்பின.

"அத ஏன் எடுத்தீங்க?" என்றார் ஹேமநாதன்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க. கொட்டாங்குச்சிய சுட்டு, என் வண்டியாண்ட காயப் போட்டுக்கீறீங்க. இஸ்திரிக்காரனுக்கு இல்லாம வேற யாருக்கு? சாக்கக்கூட மட்ச்சு வெச்சேனே."

"மண்ணுல பொதைக்கத்தான் சுட்டேன்."

தங்கவேல் மூட்டையைக் கீழே வைத்தார்.

"சுட்டுட்டு பொதைப்பீங்களா?"

"ஆமா."

"உடம்பு நல்லாத்தானே கீது சார்?"

சாவித்திரி குறுக்கிட்டார். "ஊறவைக்காம குடுத்தா இந்த வாசனை வராதுதானே?"

"வராது மேடம்."

"அப்ப புகை பரவால்ல, டிரம் இருக்கட்டும். கரி தங்கவேலுக்கு. கை தூக்குங்க."

இருபத்துமூன்று கைகள் உயர்ந்தன. உடனே இறங்கின. கையைத் தூக்கியதும் வாசனை கூடியிருந்தது. எல்லோரும் குளிக்கப் போனார்கள்.

டிரம் பிழைத்தது. கார்பன் இனி இஸ்திரிப் பெட்டி வழியாக வானத்துக்குப் போகும். ஹேமநாதன் தங்கவேலின் வண்டிக்குப் போனார்.

"என் சட்டைக்கு எவ்ளோ கரி ஆகும்?"

"வாரத்துக்கா? ரெண்டு புடி."

"இனிமே எனக்கு இஸ்திரி வேணாம். அந்த ரெண்டு பிடிய எங்கிட்ட குடுத்துடுங்க."

"பொதைக்கவா?"

"பொதைக்கத்தான்."

சனிக்கிழமைதோறும் தங்கவேல் இரண்டு பிடி கரியைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். ஹேமநாதன் அதை ஊறவைத்துச் செம்பருத்தி அடியில் புதைத்தார்.

மூன்றாவது வாரம், கசங்கிய சட்டையைப் பார்த்து ஆபீஸில் மேலாளர் நிவேதிதா அவரைத் தனியே கூப்பிட்டார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

"இல்ல மேடம். கார்பன் சேமிக்கிறேன்."

நிவேதிதா இரண்டு நாள் லீவு கொடுத்தார்.