ஆலைப்பக்கத்துச் சுவர்

பசுந்தாங் ஓடைக்கரையில் தண்ணீரால் ஓடிய நெல் ஆலை ஒன்று இருந்தது. கடல் ஏற்றத்தோடு ஓடை ஏறும்போது தேக்கி, வற்றும்போது சக்கரத்தின் மேல் திறந்துவிடுவார்களாம். ஆலை போய்ச் சேர்ந்துவிட்டது. அதை ஒட்டி மேலாளருக்குக் கட்டிய செங்கல் வீடு மட்டும் நூற்றுப்பத்து வருடமாக நிற்கிறது. அதில்தான் நானும் என் வீட்டுக்காரர் பர்கத்துல்லாவும் இருக்கிறோம்.

இரண்டு முழக் கனத்தில் சுவர், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம். ஆலைப்பக்கத்துச் சுவரின் அடியில் மட்டும் வளைவு வளைவாகப் பதினொரு திறப்புகள். அவற்றின் வழியே ஓடைத்தண்ணீர் தரைக்கு அடியில் வரும், வற்றும்போது தானே போய்விடும். கட்டியவன் தண்ணீரோடு சண்டைக்குப் போகவில்லை. அந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

நான்கு வருடத்துக்கு முன் மகள் ஷிரினைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திறப்புகள் வழியே சேற்று நாற்றம். மாப்பிள்ளையின் அம்மா முக்காட்டை மூக்கில் வைத்ததும் என் மானமே போயிற்று. நிக்காஹுக்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதினொன்றையும் செங்கல் வைத்து அடைத்தேன். கல்யாணம் மணக்க மணக்க நடந்தது.

அடைத்தால் தண்ணீர் வராமல் இருக்குமா? மண் வழியே ஊறி வந்தது, போகத்தான் வழியில்லை. சுவர் குடித்தது. போன வருட நிலநடுக்கத்தில் விரிசல் விட்டது. பிறகு, வீட்டை இடிக்கச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் வந்தது. 'நிற்கும்' என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்தால்தான் தப்பும்.

இன்று காலை எஞ்சினியர் தமிழ்மணி வந்தார்; பர்மிய வழக்கப்படி அவரை 'சயா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். தொட்ட இடமெல்லாம் காரை ஈரமாவாக உதிர்ந்தது.

"பாய், இதையெல்லாம் யாரு அடைச்சது?"

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் சொன்னார்: "நாந்தான் சயா."

"அடைக்காம இருந்தா இன்னும் நூறு வருசம் நின்னிருக்கும்."

"இப்பவே உடைச்சுத் தொறந்துடறேன் சயா" என்று நான் கடப்பாரையை எடுத்தேன்.

"தொடாதீங்க அக்கா! காரை செத்துப்போச்சு. சுவரு இப்ப அந்த அடைச்ச செங்கல்லு மேலதான் நிக்குது. எடுத்தா உங்க மேலயே விழும். விட்டா இந்த மழையில விழும். நிக்கும்னு எப்படி எழுதுவேன்?"

அவர் போனதும் நான் திட்டுக்குக் காத்திருந்தேன். குழம்பில் உப்பு கூடினாலே எட்டு வீட்டுக்குக் கேட்கக் கத்துகிற மனிதர். பெட்டியை இறக்கித் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால், இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று நம்பியிருப்பேன்.